ஊசிக் கோபுரம்

இக்கரைக்கு அக்கரை பச்சை என்பது நாட்டில் வழங்கும் பழமொழி. காணத்தக்க இடங்களைப் பொறுத்த வரையிலும் அப்பழமொழி பொய்ப்பதில்லை. விடுமுறை வந்ததும் மாணவர் நெடுந்தொலைவு செல்ல விரும்புகின்றனர். ஒரே பகலில் ஏழெட்டு இடங்களைக் கண்டுவிடவும் முயல்கின்றனர். இரவில் வீடு திரும்பும்போது அவர்கள் உள்ளத்தில் எஞ்சி நிற்பவை பேருந்தின் குலுக்கலும் உடலின் சோர்வுமே. இதனினும், ஊருக்கு அருகிலுள்ள பழமையான இடம் ஒன்றைத் தேர்ந்து, ஒரு பகல் முழுவதையும் அங்கே அமைதியாகக் கழித்தல் சாலச் சிறந்தது. கண்ட இடங்களின் தொகை கல்வியாகாது. கண்ட இடத்தை உணர்தலே கல்வியாகும். நெல்லையைச் சூழ வாழ்வோர்க்கு இவ்வுண்மையை விளக்கப் பாளையங்கோட்டை ஊசிக் கோபுரம் ஒன்றே போதும்.

அதனைக் காண்பதற்கு ஏற்ற பருவம் மார்கழி. ஐப்பசியிலும் கார்த்திகையிலும் பெய்த மழையால் பொருநையாறு பொலிவு பெற்றிருக்கும். வயல்களிலே பிசானப் பயிர் பச்சைப் பட்டு விரித்தாற்போல் விளங்கும். வெயிலின் கொடுமை இராது. வைகறையில் கோயில்களில் மார்கழிப் பாடல் ஒலிக்கும். இரவில் கிறித்தவர் வாழும் தெருக்களில் கிறிஸ்துமஸ் கீதம் ஒலிக்கும். இரண்டு இசையையும் ஒரே பனிக்காற்று சுமந்து செல்லும்.

நெல்லைச் சந்திப்பிலிருந்து நடந்து செல்வோர் முதலில் காண்பது சுலோசன முதலியார் பாலம். ஆற்றைக் கடக்க மக்கள் பட்ட துன்பத்தைக் கண்டு, அப்பெருமகனார் தம் சொந்தப் பொருளைச் செலவிட்டு அமைத்த பாலம் அது. 11 வளைவுகளையுடைய அப்பாலம் 1843-ஆம் ஆண்டில் திறக்கப்பெற்றது. ஊர்தியில் விரைவோர்க்கு அது வெறும் சாலை. நடந்து செல்வோர்க்கோ ஒரு வள்ளலின் வரலாறு. பாலத்தைக் கடந்து, கொக்கிரகுளத்தின் வழியே முருகன்குறிச்சியை அணுகுவோர், ஊசிபோற் கூர்ந்து வானை நோக்கி நிற்கும் கோபுரத்தைக் காண்பர். அதுவே தூய திரித்துவப் பேராலயம்.

பிரஷ்ய நாட்டில் 1790-இல் பிறந்த இரேனியஸ் என்பார், 1814-இல் சென்னைக்கு வந்தார். 1820-இல் பாளையங்கோட்டையை அடைந்தார். அவர் முயற்சியால் 1826-இல் இவ்வாலயம் எழுந்தது. நெல்லைத் திருமண்டலம் 1896-இல் அமைந்தபோது, இது பேராயரின் இருக்கைக்கு உரிய இடமாயிற்று. அதனாலேயே ஆலயம் என்பது பேராலயம் எனப் பெயர் பெற்றது. 1947-இல் தென்னிந்தியத் திருச்சபை உருவாயிற்று; அன்றுமுதல் இப்பேராலயம் அதனைச் சார்ந்து விளங்குகின்றது.

கோபுரத்தின் உயரத்தை மட்டும் நோக்குவோர் அதன் அடித்தளத்தை அறியார். அவ்வடித்தளத்திலே கல்லோடும் சுண்ணாம்போடும் தமிழும் கலந்து கிடக்கின்றது. இந்நாட்டு மக்களோடு அவர்தம் மொழியிலேயே பேசுதல் வேண்டும் என்று துணிந்த இரேனியஸ், திருப்பாற்கடல்நாதன் கவிராயர் என்னும் புலவரிடம் மாணவராய் அமர்ந்து பல்லாண்டு தமிழ் பயின்றார். பயின்ற தமிழைத் தம்மோடு நிறுத்திக்கொள்ளவில்லை. தமிழிலக்கணத்தை ஆங்கிலத்தில் எழுதிப் பிறநாட்டார்க்கு உதவினார். பள்ளிகள் பல நிறுவினார். மாணவர்க்கெனப் ‘பூமி சாஸ்திரம்’ என்னும் நூலைத் தமிழில் இயற்றினார். 1832-இல் வெளிவந்த அந்நூல், உலக அறிவைத் தமிழில் ஊட்ட எழுந்த தொடக்ககாலப் பாடநூல்களுள் ஒன்று. பின்னர்த் தம்மை அனுப்பிய சங்கத்தோடு கருத்து வேறுபட்டுப் பிரிந்தார்; எனினும் 1838-இல் பாளையங்கோட்டை மண்ணிலேயே உயிர் நீத்தார்.

கட்டியவர் பெயரைப் பலர் அறிவர். அவருக்குக் கற்பித்தவர் பெயரைச் சிலரே அறிவர். கடல் கடந்து வந்தவர்க்குத் தமிழ்ச் செல்வத்தை வாரி வழங்கிய அக்கவிராயரையும் எண்ணிப் பார்க்கும்போதுதான் ஊசிக் கோபுரத்தின் வரலாறு முழுமை பெறுகின்றது.

கோபுரத்தின் பெயரும் சிந்திக்கத்தக்கது. மேனாட்டு முறையில் எழுந்த கூர்ங்கோபுரத்தைக் கண்ட ஊர்மக்கள் அதற்கு அயற்பெயரைத் தேடி அலையவில்லை. வீட்டிலுள்ள ஊசியையும் ஊரிலுள்ள கோபுரத்தையும் இணைத்து ஒரு பெயர் படைத்தனர். நெல்லைச் சீமைக் கிறித்தவர் தம் வழிபாட்டிடத்தைக் கோயில் என்றே இன்றும் வழங்குவர். கோ என்பது தலைவனைக் குறிக்கும்; இல் என்பது இல்லத்தைக் குறிக்கும். தலைவன் இல்லம் என்னும் பொருளுடைய அச்சொல், எச்சமயத்தார்க்கும் பொருந்துவதாய் அமைந்த நயம் போற்றத்தக்கது.

இங்கே சிலர் ஐயுறலாம். பிற சமயத்தார் கோயிலில் நமக்கு என்ன வேலை என்பர் ஒரு சாரார். வழிபடுதல் அவரவர் உரிமை. அறிந்து மதித்தல் அனைவர்க்கும் உரிய கடமை. நெல்லையப்பர் கோயில் இசைத்தூண்களின் இனிமையை உணரச் செவி ஒன்றே வேண்டும். தமிழ்நாட்டுக் கோயில் அமைப்பைத் தழுவி எழுந்த பொட்டல்புதூர்ப் பள்ளிவாசலுக்குப் பல சமயத்தாரும் செல்கின்றனர். பொருநை பாயும் நாட்டில் எழுந்த இவை யாவும் அந்நாட்டார் அனைவர்க்கும் பொதுவான செல்வங்களே. விடுமுறையிலும் பாடமா என்பர் மற்றொரு சாரார். மரநிழலில் அமர்ந்து மணியோசை கேட்பதும், கோபுரத்தின் நிழல் மெல்ல நகர்வதைக் காண்பதும் சுமையாக மாட்டா. அங்கே தேர்வு இல்லை, மனப்பாடம் இல்லை. அமைதியாக இருக்கும் உள்ளத்தில் கேள்விகள் தாமே பிறக்கும். அவற்றுக்கு விடை காணும் விருப்பமும் உடன் பிறக்கும்.

பழைய ஆலயத்துள் நுழைவோர் அவ்விடத்து வழக்கத்தை மதித்தல் வேண்டும். வழிபாட்டு வேளையில் உரத்த பேச்சும், படம் எடுக்கும் ஆரவாரமும் தகா. சுவரிலும் தூணிலும் ஆணிகொண்டு தம் பெயரைக் கீறுவோர் எங்கும் உள்ளனர். காற்றும் மழையும் ஏறத்தாழ 200 ஆண்டுகளாகச் செய்யாத தீங்கை அவர்கள் ஒரு நொடியில் செய்துவிடுகின்றனர். அறியாமையே அத்தீங்கிற்குக் காரணம். ஒன்றன் வரலாற்றை அறிந்தவன் கை அதனைச் சிதைக்க எழாது. ஆதலின், பழம்பொருளைக் காக்கும் காவலருள் தலைசிறந்தவர் அதனை உணர்ந்து கண்ட மாணவரே.

நண்பகலில் ஆற்றங்கரைக்கு வந்து, படித்துறையில் அமர்ந்து கட்டுச்சோற்றைப் பகிர்ந்துண்டு, மாலையில் வந்த வழியே மீள்வோர்க்குக் காலையில் கடந்த பாலமே புதியதாகத் தோன்றும். ஆண்டுக்கு ஒரு மார்கழி நாளை இவ்வாறு கழிப்பவர், பள்ளிப் பருவம் முடிவதற்குள் தம் நாட்டின் வரலாற்றைக் காலால் நடந்தே கற்றவராவர். நாள்தோறும் நிமிர்ந்து பாராமல் கடந்து செல்லும் கோபுரத்தை ஒருநாளேனும் நின்று நோக்குதல் அதற்கு முதற்படியாகும்.