பரீட்சை நாலு... பிள்ளை ஒண்ணு!

"டாக்டரய்யா, இவனுக்கு ஞாபக சக்திக்கு ஒரு லேகியம் குடுங்க. வல்லாரை போட்டதா இருந்தா நல்லது!"

போன மாதம் புளியங்குடியில் என் வைத்தியசாலைக்கு வந்த ஒரு தாயார் கேட்டது இது. பக்கத்தில் பிளஸ் டூ படிக்கிற மகன். கண் சிவந்திருக்கிறது. நெஞ்செரிச்சல், தலைவலி, மலச்சிக்கல். நாடி பார்த்தேன். பித்தம் மிஞ்சி நிற்கிறது.

"ராத்திரி எத்தனை மணிக்குப் படுக்கிற தம்பி?"

"ரெண்டு மணி ஆயிரும் சார். காலையில ஆறரைக்கு ஸ்கூல் பஸ்."

"அப்படி என்ன படிப்பு?"

"நீட், ஜே.இ.இ., க்யூட், நாட்டா... நாலுக்கும் வீட்டுலயே படிக்கேன் சார். கோச்சிங் போகல."

"நாலு எழுதினா ஒண்ணாவது கிடைக்காதா சார்?" என்றார் அம்மா.

நியாயமான கேள்வி போலத்தான் தெரியும். எலுமிச்சை விலை எந்த மார்க்கெட்டில் ஏறும் என்று தெரியாதபோது, எங்கள் ஊர் வியாபாரிகள் நாலு ஊருக்கும் மூட்டை அனுப்புவார்கள். ஒரு ஊரில் விழுந்தாலும் இன்னொரு ஊரில் எழுந்துவிடும். ஆனால், அங்கே மூட்டைகள் நாலு. இங்கே பிள்ளை ஒன்றுதானே!

இந்தத் தேர்வுகள் எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும் என்று பல பெற்றோர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. நீட் தேர்வில் 180 நிமிடத்தில் 180 கேள்விகள். மொத்தம் 720 மார்க். அதில் பாதி உயிரியலுக்கு. சரியான விடைக்கு 4 மார்க், தப்புக்கு 1 மார்க் போய்விடும். என்.சி.இ.ஆர்.டி. புத்தகத்தை வரி வரியாக மனதில் வைத்திருப்பவன் ஜெயிக்கிற தேர்வு அது. ஜே.இ.இ. மெயினில் அதே மூன்று மணி நேரத்துக்கு 75 கேள்விகள்தான். உயிரியல் கிடையாது, கணக்கு உண்டு. நின்று நிதானமாகப் போட்டுப் பார்க்க வேண்டிய கணக்குகள். பெயர் என்னவோ இரண்டிலும் இயற்பியல், வேதியியல்தான். ஆனால் பழக்க வேண்டிய முறை வேறு. நாட்டாவுக்கோ வரையவும் தெரிய வேண்டும்.

காலண்டரையும் பாருங்கள். ஜனவரியில் ஜே.இ.இ. முதல் சுற்று. அடுத்து பிராக்டிகல். மார்ச்சில் பொதுத்தேர்வு. ஏப்ரலில் ஜே.இ.இ. இரண்டாவது சுற்று. மே மாதம் நீட், க்யூட். பெரியவர்கள் நாமே இந்த ஓட்டம் ஓடுவோமா?

இதைவிட முக்கியமான விஷயம் ஒன்று. தமிழ்நாட்டில் பல கதவுகளுக்கு நுழைவுத்தேர்வே தேவையில்லை! 1984-ல் தொழிற்கல்விக்கு மாநில நுழைவுத்தேர்வு வந்தது. நான் எழுதியது அதைத்தான். 2007-லிருந்து அது இல்லை. அண்ணா பல்கலைக்கழகக் கல்லூரிகளில் பொறியியல் சேர, பிளஸ் டூவில் எடுத்த கணக்கு, இயற்பியல், வேதியியல் மார்க்கே போதும். வேளாண்மை, கால்நடை மருத்துவம், நர்சிங் படிப்புகளில் மாநில அரசின் இடங்களும் அப்படித்தான். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 7.5 சதவீத ஒதுக்கீடு மருத்துவத்தில் 2020-லும், பொறியியல், வேளாண்மை போன்றவற்றில் 2021-லும் வந்தது.

அப்படியென்றால், நாலு தேர்வுக்கு நேரத்தைப் பிய்த்துக் கொடுக்கும்போது அடிபடுவது எது? கையில் நிச்சயமாக இருக்கிற பிளஸ் டூ மார்க்!

இதைச் சொல்ல எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. என் வீட்டிலேயே நடந்தது. 2019-ல் என் மகள் பிளஸ் டூ. அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே ஆடு, மாடு, நாய் என்றால் உயிர். கால்நடை மருத்துவம்தான் படிப்பேன் என்றாள். "எதுக்கும் நீட் எழுது, ஜே.இ.இ.யும் எழுதி வை" என்று புத்தகங்களை வாங்கி அடுக்கியது நான்தான். நாலு மணி நேரத் தூக்கம். மூன்று மாதம் மாதவிலக்கு வரவில்லை. ஊருக்கெல்லாம் நாடி பார்க்கிற எனக்கு, என் மனைவி சொல்லித்தான் தெரிந்தது. கடைசியில் நீட்டும் இல்லை, ஜே.இ.இ.யும் இல்லை. கால்நடை மருத்துவ இடம் ஒன்றரை மார்க் கட்-ஆஃபில் போய்விட்டது. அந்த இடத்துக்கு அவள் ஒரு நுழைவுத்தேர்வும் எழுத வேண்டியதே இல்லை! வேளாண்மை படித்தாள், நன்றாகத்தான் இருக்கிறாள். ஆனாலும் ரோட்டில் அடிபட்ட நாய்க்குட்டியை அவள் தூக்கி வரும்போதெல்லாம் என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடிவதில்லை.

பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியில் நான் படித்த பாடங்களில் ஒன்று, அடக்கக்கூடாத பதினான்கு வேகங்கள். பசி, தாகம், மலம், சிறுநீர், கண்ணீர் ஆகியவற்றோடு தூக்கமும் அதில் ஒன்று. அடக்கினால் நோய். படித்தது மனதில் பதிவதே தூக்கத்தில்தான் என்று இன்றைய விஞ்ஞானமும் சொல்கிறது. இந்த வயதில் எட்டு மணி நேரமாவது தூங்க வேண்டும். அதைத் திருடிவிட்டு வல்லாரை கொடுத்தால், ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுகிற கதைதான்.

அப்போ எப்படித் தேர்ந்தெடுப்பது?

1. முதலில் படிப்பை முடிவு பண்ணுங்கள், தேர்வை அல்ல. எம்.பி.பி.எஸ்., பல் மருத்துவம், எங்கள் சித்த மருத்துவம் என்றால் நீட் வேண்டும். என்.ஐ.டி., ஐ.ஐ.டி. என்றால் ஜே.இ.இ. வேண்டும். வேறு என்றால், அந்த வருடத்து விளக்கக் குறிப்பேட்டைப் பார்த்து, தேர்வு தேவையா என்று தெரிந்துகொள்ளுங்கள்.

2. வீட்டிலிருந்து தானாகப் படிக்கிற பிள்ளைக்கு பெரிய தேர்வு ஒன்று போதும். துணைக்கு ஒன்று வேண்டுமானால், பிளஸ் டூ பாடத்தை ஒட்டி வருகிற க்யூட் போன்றதாக இருக்கட்டும். திருவாரூரில் உள்ள மத்தியப் பல்கலைக்கழகத்துக்கு அது வழி.

3. பழைய வினாத்தாள் ஒன்றை ஞாயிற்றுக்கிழமை காலை கடிகாரம் வைத்து எழுதச் சொல்லுங்கள். இரண்டு தேர்வுக்கும் செய்து பார்த்தால், எது தனக்கு ஒத்துவரும் என்று பிள்ளையே சொல்லிவிடும்.

4. பத்தரைக்கு விளக்கை அணையுங்கள். ராத்திரி டீ வேண்டாம். காலைச் சாப்பாட்டைத் தவற விடாதீர்கள். வாரம் ஒரு எண்ணெய்க் குளியல். விழித்திருக்க மாத்திரை? மூச்!

5. பிள்ளை பேசாமல் ஒதுங்கினாலோ, 'நான் எதுக்கும் லாயக்கில்லை' என்றாலோ அலட்சியம் வேண்டாம். 104-க்கோ 14416-க்கோ போன் செய்தால் ஆலோசனை கிடைக்கும்.

அன்றைக்கு அந்தத் தாயாருக்கு நான் லேகியம் கொடுக்கவில்லை. நெஞ்செரிச்சலுக்கு மட்டும் மருந்து கொடுத்தேன். பையனிடம் ஒரு துண்டுச் சீட்டைக் கொடுத்து, "நாலையும் எழுது. உனக்கு எது வேணுமோ அதை வச்சிட்டு மத்ததை அடி" என்றேன்.

அம்மா முகத்தை ஒரு தடவை பார்த்தான். பிறகு மூன்றை அடித்தான். நாட்டா மட்டும் நின்றது.

"வீடு கட்டப் படிக்கணும்னு எங்கிட்ட சொல்லவே இல்லியேல!" என்றார் அம்மா.

"நீ கேக்கவே இல்லியேம்மா..."

பெற்றோர்களே, விண்ணப்பம் வாங்கும் முன் ஒரு தடவை கேட்டுவிடுங்கள்.