உடன்படலும் மறுத்தலும்

கருத்து வேறுபாடு தோன்றாத இல்லம் இல்லை. ஆசிரியர் அறையும் இல்லை. பள்ளிவாசல் நிருவாகக் கூட்டமும் இல்லை. வேறுபடுதல் குற்றமன்று. பேசத் தொடங்கிய பொருளை விட்டுப் பேசுகின்ற ஆளைப் பற்றிக்கொள்வதே குற்றம். வாடகைக் கணக்கில் தொடங்கிய பேச்சு பாட்டன் காலத்துப் பழிச்சொல்லில் முடிவதை நாளும் காண்கின்றோம்.

கற்றறிந்தோர்க்கும் இவ்விடர் நேர்ந்ததுண்டு. இராமலிங்க அடிகளாரின் பாடல்களைத் தொழுவூர் வேலாயுத முதலியார் 1867-இல் திருமுறைகளாக வகுத்துத் 'திருவருட்பா' என்னும் பெயரால் வெளியிட்டார். யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் அப்பெயரை மறுத்தார். பழைய அருளாளர்தம் நூல்களுக்கே அது உரியது என்றார். எண்ணிப் பார்க்கத்தக்க வாதமே அது. அடிகளாரோ தம் பெயரோடு 'சாமி' எனச் சேர்ப்பதையும் விரும்பாதவர். ஆரவாரப் பெயர் வேண்டா என்னும் அளவிலேனும் இருவரும் ஒன்றுபட இடமிருந்தது என்றே யான் கருதுகிறேன். நடந்ததோ வேறு. கண்டன நூல்கள் பெருகின, வசைமொழி மிகுந்தது, 1869-இல் நம் பழைய தென்னார்க்காட்டு மஞ்சக்குப்பம் நீதிமன்றம் வரை வழக்குச் சென்றது. 1874-இல் அடிகளாரும் 1879-இல் நாவலரும் மறைந்தனர், பூசல் மறையவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அது மீண்டும் மூண்டபோது, அருட்பாவின் பக்கம் நின்று வாதிட்டவர்களுள் ஒருவர் சதாவதானி செய்குத்தம்பிப் பாவலர். சீறாப்புராணத்துக்கு உரை வரைந்த இசுலாமியப் புலவர். பாடியவர் எச்சமயத்தார் என்று பாராது பாட்டைப் பார்த்தவர் அவர்.

நன்னூற் பாயிரத்தில் பவணந்தியார் எழுவகை மதம் கூறுகிறார். முதலில் நிற்பது உடன்படல். மறுத்தல் அதன் பின்னரே. மூன்றாவது, பிறர் கொள்கையை ஏற்றுக்கொண்டு பின் களைவது. (தேர்வுக்கு மனப்பாடம் செய்து, தேர்வு முடிந்ததும் மறக்கப்படும் பகுதி!) நூல் செய்வோர்க்குச் சொன்னதாயினும் வீட்டு வழக்குக்கும் இவ்வரிசை பொருந்தும். கிணற்று நீர்ப் பங்கீட்டில் அண்ணனும் தம்பியும் மோதும்போது, "மோட்டார் பழுதுக்கு நீ செலவிட்டது உண்மைதான்" என்று ஒருவர் முதலில் ஒப்பிவிட்டால், எஞ்சுவது யாருக்கு எத்தனை மணிநேரம் என்னும் கணக்கு மட்டுமே. கணக்கைத் தீர்ப்பது எளிது. "நீ என்றுமே இப்படித்தான்" என்னும் சொல்லைத் தீர்க்க எந்தப் பஞ்சாயத்தாலும் இயலாது.

நம் தமிழ் மன்றத்தின் அடுத்த சொற்போரில் இதனை ஒரு விதியாகவே வைத்துப் பார்க்கலாம். எதிரணியின் கருத்தை, "ஆம், யாம் சொன்னது இதுவே" என்று அவ்வணியினர் ஒப்பும்வண்ணம் எடுத்துரைத்த பின்னரே மறுப்புக்கு நேரம் வழங்குவது. மணியடிக்கும் மாணவர்க்குத்தான் சற்று வேலை மிகும்.