தவிடும் தேசமும்

செங்கற்பட்டிலிருந்து அரக்கோணம் செல்லும் ரயில் மார்க்கத்தில், காஞ்சிபுரத்துக்கு முன்னால் வருகிறது வாலாஜாபாத். பாலாற்றங்கரை ஊர், அருகில் தென்னேரி என்னும் பேரேரி. நெல் விளையும் சீமை. இன்றோ, ஒரகடத்துத் தொழிற்சாலைகளுக்கு ஆட்களை ஏற்றிச் செல்லும் பஸ்கள் இவ்வழியே ஓயாமல் ஓடுகின்றன. அண்மையில் அங்கு ஒரு கடைக்குள் நுழைந்தோம். ஒரு புறம் மல்லிகைப்பூ நிறத்தில் தீட்டிய அரிசி மூட்டைகள். மறுபுறம் பளபளப்பான உறைகளில் தவிடு நீக்காத சிவந்த அரிசி. பின்னதற்கே விலை அதிகம். "அது டாக்டர் சொல்லி வாங்குகிறவர்களுக்கு, ஐயா!" என்றார் கடைக்காரர்.

நமக்கு உடனே நினைவு வந்தவர் காலஞ்சென்ற ஜே. சி. குமரப்பா. 1892-ல் தஞ்சையில் ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவர். லண்டனில் கணக்குப் பரிசோதனையும், அமெரிக்காவில் பொருளாதாரமும் பயின்றவர். பம்பாயில் நல்ல வருமானம் தரும் தொழில் இருந்தது. 1929-ல் காந்தியடிகளைச் சந்தித்தார். மேல்நாட்டு உடை போய்க் கதர் வந்தது. பின்னர்ச் சிறைவாசமும் வந்தது. 1934-ல் அகில இந்திய கிராமக் கைத்தொழில் சங்கம் தோன்றியபோது, வார்தாவில் அதன் காரியதரிசிப் பொறுப்பை ஏற்றார். தீட்டாத அரிசி, திரிகை மாவு, செக்கெண்ணெய், வெல்லம் இவையே அச்சங்கத்தின் ஆயுதங்கள்.

'அரிசிக்கும் சுயராஜ்யத்துக்கும் என்ன சம்பந்தம்?' என்று அக்காலத்தில் நகைத்தவர் பலர். சம்பந்தம் இருந்தது. ஜாவாவில் எய்க்மன் என்ற டச்சு வைத்தியர், தீட்டிய அரிசி தின்ற கோழிகள் கால் துவண்டு வீழ்வதையும், தவிட்டைக் கொடுத்ததும் தேறுவதையும் முன்னமே கண்டறிந்திருந்தார். அதற்காக 1929-ல் நோபெல் பரிசும் பெற்றார். பெரிபெரி என்னும் நோய்க்கு மருந்தாகிய பி1 ஜீவசத்து பெரும்பாலும் தவிட்டிலும் முளையிலும் இருக்கிறது. யந்திரம் அதனை உரித்துவிடுகிறது. எஞ்சியதில் ஒரு பகுதியை நாம் பலமுறை கழுவியும், கஞ்சி வடித்தும் போக்கிவிடுகிறோம். இத்துடன், உரலும் உலக்கையும் மூலையில் சாய்ந்தபோது கிராமத்து ஏழைப் பெண்களின் கூலியும் போயிற்று. உடம்பின் நஷ்டத்தையும் ஊரின் நஷ்டத்தையும் ஒரே கணக்கில் எழுதியவர் குமரப்பா. அதுவே அவரது பெருமை.

எதிர்க்கட்சியின் வாதத்தையும் கூறுவது நியாயம். தவிட்டில் எண்ணெய் உண்டு. ஆகையால் தீட்டாத அரிசி விரைவில் சிக்கு வாடை அடிக்கும், வண்டும் பிடிக்கும். வேகவும் நேரமாகும். உலக்கை பிடித்த கைகள் காய்த்துப் போனதும் மெய்யே. மறுபடி பெண்கள் விடியுமுன் எழுந்து குத்த வேண்டுமென்று நாம் சொல்ல மாட்டோம். ஆனால் உமியை மட்டும் நீக்கி நிறுத்திக்கொள்ளும் யந்திரங்கள் இன்று உண்டு. புழுங்கலரிசியும் உண்டு, நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலுள்ள சத்தில் ஒரு பங்கு அரிசிக்குள் இறங்கிவிடுவதால், தீட்டினாலும் அது பச்சரிசியைப் போல் வெறுமையாவதில்லை. விருந்துக்குப் புழுங்கலரிசி போட்டால் கௌரவக் குறைவென்று எண்ணும் குடும்பங்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

2021-ஆம் வருஷம் சுதந்திர தினத்தன்று, சர்க்கார் திட்டங்களில் வழங்கும் அரிசியில் சத்துக்களைச் சேர்த்துத் தரப்போவதாகப் பிரதமர் அறிவித்தார். இரும்பும், ஃபோலிக் அமிலமும், பி12-ம் சேர்த்த அரிசிமணிகள் கலக்கப்பட்டன. சோகை பிடித்த ஜனங்களுக்கு நன்மை செய்யவேண்டுமென்ற நோக்கத்தை நாம் குறை கூறவில்லை. எனினும், ஆலையில் ஒரு கையால் சத்தை எடுத்து, மற்றொரு கையால் வேறு சத்தைச் சேர்ப்பதைக் கண்டால், கணக்குப் பரிசோதகரான குமரப்பா புருவத்தை உயர்த்தியிருப்பார் என்றே தோன்றுகிறது.

காந்தியடிகள் மறைந்த அதே ஜனவரி 30-ஆம் தேதி, 1960-ல், மதுரையில் அவர் காலமானார். கடைசி வருஷங்களைக் கழித்தது தே. கல்லுப்பட்டி காந்திநிகேதன் ஆசிரமத்தில். ஏழைக்கென்று அவர் வாதாடிய அரிசி இன்று பணக்காரர் பண்டமாகி உறைக்குள் ஏறியிருக்கிறது. காலை ஷிப்டுக்கு ஓடும் வாலாஜாபாத் இளைஞனின் தூக்குப் பாத்திரத்திலோ வெள்ளைச் சோறே இருக்கிறது. குமரப்பாவின் வேலை இன்னும் முடியவில்லை என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை. படத்துக்கு மாலை போடுவதைவிட, வாரத்தில் சில வேளையாவது தவிடுள்ள அரிசியை உலையில் போடுவதே அவருக்கு நாம் செய்யக்கூடிய மரியாதை. வாங்குவோர் பெருகினால் விலையும் இறங்கும். அப்போது அந்தத் தூக்குப் பாத்திரத்துக்கும் அது எட்டும்.