குளம்பைப் பார்க்கிறோம், குதிகாலைப் பார்க்கிறோமா?

வண்டி மாடு ஒரு காலைத் தாங்கித் தாங்கி நடந்தால் அன்றைய வேலை நின்றுவிடும். காலைத் தூக்கிப் பார்ப்போம். முள்ளா, கல்லா, லாடம் கழன்றதா என்று தேடுவோம். கோமாரி கண்ட கறவை மாட்டின் குளம்பைப் பொட்டாசியம் பர்மாங்கனேட் கரைசலால் கழுவி, மருந்து போட்டு, புண் ஆறும்வரை சேற்றில் விடாமல் உலர்ந்த தரையில் கட்டுகிறோம். இது நல்ல பழக்கம்தான். ஆனால் அந்த மாட்டை வளர்க்கும் விவசாயியின் குதிகாலில் இரத்தம் கசியும் அளவுக்கு வெடிப்பு ஓடினாலும், "பாடுபடுகிறவன் கால் அப்படித்தான் இருக்கும்" என்று விட்டுவிடுகிறோம்.

இந்த எண்ணம் மாற வேண்டும். குதிகால் வெடிப்பை உழைப்பின் அடையாளம் என்று பேசுவதால் யாருக்கும் லாபம் இல்லை. உழைப்பின் அடையாளம் களத்துமேட்டில் குவியும் நெல். வெடிப்போ, வேலை நாட்களைக் கெடுத்து, மருத்துவச் செலவில் கொண்டு விடுகிற ஒரு கோளாறு. அதைப் பெரும்பாலும் வீட்டிலேயே சரிசெய்ய முடியும்.

வெடிப்பு ஏன் வருகிறது?

கரிசல் மண் விவசாயிகளுக்கு இதை அதிகம் விளக்கத் தேவையில்லை. மழையில் ஊறிய கரிசல், வெயிலில் ஈரம் போனதும் சுருங்கிப் பிளக்கிறதல்லவா? தோலும் அப்படித்தான். உடம்பின் மற்ற இடங்களில் தோலுக்கு அடியில் எண்ணெய்ச் சுரப்பிகள் உண்டு. உள்ளங்காலிலும் குதிகாலிலும் அவை கிடையாது. வியர்வைச் சுரப்பிகள் மட்டுமே உள்ளன. ஆகவே அங்குள்ள ஈரத்தைக் காக்க இயற்கையான எண்ணெய்ப் பூச்சு இல்லை.

நாள் முழுவதும் நடவு வயலில் ஊறிய கால், கரையேறியதும் வெயிலிலும் காற்றிலும் காய்கிறது. பிறகு துணி துவைக்கும் சோப்பைப் போட்டுச் சேற்றைத் தேய்த்துக் கழுவுகிறோம். இருக்கிற கொஞ்சம் பசையும் போய்விடுகிறது. தோல் தடித்து, காய்ந்து, கட்டையாகிறது. நாம் நிற்கும்போதும் சுமை தூக்கும்போதும் குதிகாலின் சதை பக்கவாட்டில் பிதுங்கும். இளகிய தோல் அதோடு சேர்ந்து விரிந்து கொடுக்கும். காய்ந்த தோல் பிளந்துவிடும். மார்கழிப் பனி தொடங்கி மாசி வரை வெடிப்பு அதிகமாவதற்கு அப்போது வீசும் வறண்ட காற்றே காரணம்.

நம் பக்கத்தில் இதைப் பித்த வெடிப்பு என்கிறோம். அந்தப் பெயரை நம்பி, பித்தம் தணிந்தால் தானாக ஆறிவிடும் என்று காத்திருப்போர் பலர். பெயர் எப்படி இருந்தாலும், கவனிக்க வேண்டிய இடம் குதிகால்தான்.

வெடிப்பின் வழியே வருவது

தோல் என்பது உடம்புக்கு வேலி. வேலியில் திட்டி விழுந்தால் ஆடு நுழையும். விவசாயியின் கால் படும் இடம் மண்ணும் சாணமும் தேங்கிய நீரும் ஆகும். இசிவு நோய் எனப்படும் டெட்டனஸ் கிருமியின் வித்துக்கள் மண்ணிலும் சாணத்திலும் இருக்கின்றன. எலியின் சிறுநீர் கலந்த வயல் நீரிலிருந்து எலிக்காய்ச்சல் கிருமி, காயம் பட்ட தோல் வழியாக உடம்புக்குள் புகும். யானைக்கால் வீக்கம் உள்ளவர்களுக்குத் தோல் வெடிப்பு வழியே கிருமி நுழைந்தால், காய்ச்சலும் வீக்கமும் திரும்பத் திரும்ப வரும்.

இவை எல்லாவற்றிலும் அதிகமாகக் கவனிக்க வேண்டியவர்கள் சர்க்கரை நோய் உள்ளவர்கள். இப்போது இந்த நோய் கிராமத்திலும் பரவலாக இருக்கிறது. பல ஆண்டுகள் சர்க்கரை கட்டுப்படாமல் இருந்தால் காலில் உணர்ச்சி குறையும், வியர்வையும் குறையும், தோல் மேலும் காயும். வெடித்தாலும் வலி தெரியாது. வலி தெரியாததால் நடந்துகொண்டே இருப்பார்கள். சிறு வெடிப்பு புண்ணாகி, விரலையோ காலையோ எடுக்கும் நிலைக்குப் போவது இவ்வாறுதான். இரண்டு ஏக்கர் வைத்திருக்கும் குடும்பத்தில் ஒருவர் காலை இழந்தால், அந்த நிலம் குத்தகைக்குப் போவதும் கைமாறுவதும் நாம் காணாததல்ல.

வலி தெரியாத காலின் ஆபத்தை உலகுக்கு விளக்கியவர்களில் ஒருவர் நம் கொல்லிமலையில் 1914-ல் பிறந்த டாக்டர் பால் பிராண்ட். அவர் 1946-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து தொழுநோயாளிகளுக்குப் பணியாற்றினார். தொழுநோய் சதையைத் தின்பதால் கால் அழிகிறது என்றே அதுவரை எண்ணியிருந்தார்கள். உணர்ச்சி இல்லாததால் கவனிக்காமல் விட்ட காயங்களே காரணம் என்று அவர் எடுத்துக்காட்டினார். அத்தகைய நோயாளிகளுக்கு இன்றும் சொல்லித்தரப்படும் அன்றாடப் பராமரிப்பு மூன்றே வேலைதான்: ஊறவைத்தல், தேய்த்தல், எண்ணெய் பூசுதல். சாதாரணக் குதிகால் வெடிப்புக்கும் இதே முறை போதும்.

இரவில் அரை மணி நேரம்

வேலை முடிந்து, சாப்பாடும் ஆனபின் ஓர் அகன்ற பாத்திரத்தில் சாதாரண நீரையோ இளஞ்சூட்டு நீரையோ ஊற்றி, கணுக்கால் வரை 15 முதல் 20 நிமிடம் வைத்திருக்கவும். சர்க்கரை நோயாளிகளும் கால் மரத்தவர்களும் வெந்நீரைத் தவிர்க்க வேண்டும். சூடு தெரியாமல் கால் வெந்துபோகும்.

ஊறிய குதிகாலைச் சொரசொரப்பான கல்லாலோ, பீர்க்கங்கூட்டாலோ மெதுவாகத் தேய்க்கவும். ஒரே நாளில் தடித்த தோல் முழுவதையும் எடுக்க முயல வேண்டாம். பிளேடு, கத்தி எதுவும் கூடாது. இரத்தம் கசியும் வெடிப்பைத் தேய்க்கவும் கூடாது.

பிறகு நீரை ஒற்றி எடுத்து, ஈரப்பதம் இருக்கும்போதே எண்ணெய் பூச வேண்டும். இதுதான் முக்கியம். தோலை இளக்குவது நீர். அந்த நீர் ஆவியாகாமல் காப்பது எண்ணெய். காய்ந்த காலில் எவ்வளவு பூசினாலும் பாதிப் பயன்தான். நீர் பாய்ச்சியபின் மூடாக்குப் போடுவதைப் போல என்று வைத்துக்கொள்ளலாம். தேங்காய் எண்ணெய், நல்லெண்ணெய், விளக்கெண்ணெய், வாசலின் எதுவானாலும் சரி. தேனீப் பெட்டி வைத்திருப்பவர்கள் 100 மில்லி நல்லெண்ணெயில் 25 கிராம் தேன்மெழுகைச் சேர்த்து, கிண்ணத்தை வெந்நீரில் வைத்து உருக்கி ஆறவிட்டால் நல்ல களிம்பு கிடைக்கும். நன்றாக ஆறியபிறகே பூச வேண்டும்.

மருந்துக்கடையில் யூரியா கலந்த களிம்பும் கிடைக்கிறது. தடித்த தோலை அது நன்கு இளக்கும். திறந்த வெடிப்பில் எரியும். உர மூட்டையிலுள்ள யூரியாவைக் கரைத்துப் பூசலாமா என்று யாரும் எண்ண வேண்டாம். அது காலுக்கானதல்ல.

எண்ணெய்க் காலோடு சிமெண்டுத் தரையில் நடந்தால் வழுக்கும். படுக்கையில் உட்கார்ந்தபின் பூசி, பழைய வேட்டித் துணியைச் சுற்றிக்கொண்டு படுப்பது நல்லது. இரண்டு மூன்று வாரம் விடாமல் செய்தால் மாற்றம் தெரியும். அதன்பின் வாரம் இரண்டு நாள் ஊறவைத்தால் போதும். எண்ணெய் மட்டும் தினமும் பூச வேண்டும்.

செய்யக்கூடாதவை

விரல் இடுக்கில் வரும் சேற்றுப்புண் வேறு, குதிகால் வெடிப்பு வேறு. சேற்றுப்புண்ணுக்கு ஈரம் ஆகாது. விரல் இடுக்கைத் துடைத்து உலர வைக்க வேண்டும்; அங்கே எண்ணெய் பூசக்கூடாது.

வெடிப்பில் வண்டி மசகு, மண்ணெண்ணெய், சுண்ணாம்பு, எருக்கம்பால், ஒட்டும் பசை முதலியவற்றை வைக்கும் பழக்கத்தைக் கைவிட வேண்டும். இவை தோலை மேலும் புண்ணாக்கும். வெடித்த காலோடு பூச்சிமருந்து தெளிப்பதும் கூடாது. பிளந்த தோல் வழியே மருந்து எளிதில் உடம்பில் ஏறும். ரப்பர் பூட்ஸ் அணிந்தே தெளிக்க வேண்டும்.

சீழ், வீக்கம், சூடு, துர்நாற்றம், தொடை இடுக்கில் நெறி கட்டுதல் ஆகியவை தோன்றினால் கைவைத்தியத்தை நிறுத்திவிட்டு உடனே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் செல்ல வேண்டும். மூன்று நான்கு வாரத்தில் ஆறாவிட்டாலும் காட்ட வேண்டும். படை போன்ற தோல் நோய் மறைந்திருக்கலாம். வயலில் நின்ற சில நாட்களில் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் கண்சிவப்பும் வந்தால், வயல் நீரில் வேலை செய்ததை மருத்துவரிடம் தவறாமல் சொல்லுங்கள். டெட்டனஸ் தடுப்பூசி போட்டு 10 ஆண்டு ஆகிவிட்டதென்றால் மறுபடியும் போட்டுக்கொள்வது அவசியமாகும்.

நிலத்தில் செருப்போடு இறங்குவதில்லை என்று எண்ணும் பெரியவர்கள் உண்டு. அந்த மரியாதைக்குக் குறைவு வேண்டாம். வரப்பு வரை செருப்பு அணிந்து செல்வோம். குதிகாலை மூடிய செருப்பாக இருந்தால் இன்னும் நல்லது.

கடைசியாக ஒன்று. நடவும் களையெடுப்பும் பெரும்பாலும் பெண்கள் கையில் இருக்கின்றன. சேற்றில் அதிக நேரம் நிற்பவர்கள் அவர்களே. வீடு திரும்பியபின் அடுப்படி வேலையும் அவர்களுக்கே. ஆகவே ஊறவைக்க அரை மணி நேரம் அவர்களுக்குக் கிடைப்பதில்லை. தெளிப்பானுக்கு மானியம் கேட்கும் நாம், கூட்டுறவுக் கடையில் ரப்பர் பூட்ஸும் வைக்கச் சொல்லிக் கேட்க வேண்டும். உழவர் கூட்டங்களில் கால் பராமரிப்பையும் சொல்லித்தரக் கேட்க வேண்டும். அதற்கு முன், வீட்டில் அந்த அரை மணி நேரத்தை ஒதுக்கிக் கொடுப்பது ஆண்களின் பொறுப்பு. தண்ணீரைக் காய்ச்சி எடுத்து வைக்க அரசாங்க உத்தரவு தேவையில்லை.