கடைமடைக்கும் கீழே ஒரு மடை

போன மாதக் கூட்டத்தில் ஒரு தீர்மானம் போட்டோம். கொசஸ்தலை ஆற்றில் ஒரு சொட்டுத் தண்ணீரும் வீணாகக் கடலில் கலக்கக் கூடாது, இன்னும் தடுப்பணைகள் கட்ட வேண்டும் என்று. கை தூக்கியவர்களில் நானும் ஒருவன். இப்போது அந்தக் கையை இறக்கலாமா என்று யோசிக்கிறேன்.

அதற்கப்புறம் ஒரு வேலையாக எண்ணூர் போயிருந்தேன். அம்மையார்குப்பத்தில் எங்கள் ஏரி கலங்கல் வழிந்தால், அந்தத் தண்ணீர் ஓடை வழியாகக் கொசஸ்தலையில் சேர்ந்து, பூண்டியைத் தாண்டி, எண்ணூரில்தான் கடலைத் தொடும். என் வயல் மழை போய்ச் சேருகிற இடத்தை இந்த வயதில்தான் நின்று பார்த்தேன்.

கழிமுகத்தில் சின்னச் சின்ன ஃபைபர் படகுகள். ஒருத்தர் கோல் ஊன்றித் தள்ளுகிறார், இன்னொருத்தர் வலை வீசுகிறார். தண்ணீர் வற்றின பக்கம் ஆணும் பெண்ணுமாக இடுப்பளவு சேற்றில் இறங்கி, பனையோலைப் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, கையால் தடவியே இறால் பிடிக்கிறார்கள். கடல் ஒரு நாளைக்கு இரண்டு தடவை ஏறும், இரண்டு தடவை வற்றும். அந்த நேரம்தான் இவர்களுக்குக் கடிகாரம். நடுராத்திரியில் வற்றம் என்றால் நடுராத்திரியில் வேலை.

கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்தவரிடம் பேச்சுக் கொடுத்தேன். எங்கிருந்து வருகிறேன் என்று கேட்டார். சொன்னேன். "திருத்தணிப் பக்கமா? அங்க நல்லா மழ பேஞ்சு ஆறு எறங்கி வந்தாதான் சார் எங்களுக்கு எறா" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது.

இறால் முட்டையிடுவது கடலில். பொரிந்த குஞ்சு ஓதத்தோடு முகத்துவாரம் வழியாக உள்ளே வந்து, உப்பும் நல்ல தண்ணீரும் கலந்த இடத்தில் சில மாதம் வளர்ந்து, திரும்பக் கடலுக்குப் போகும். நமக்கு நாற்றங்கால் எப்படியோ அப்படி. மடவை, கொடுவா, சேற்று நண்டு எல்லாம் இந்தக் கழிமுகத்தை நம்பித்தான். மேலேயிருந்து ஆறு தள்ளாவிட்டால் கடல் மணல் வாயை அடைக்கும், உள்ளே உப்பு ஏறும். பழவேற்காட்டில் முகத்துவாரத்தைத் தூர்வாரச் சொல்லி மீனவர்கள் எத்தனை வருடம் கேட்டிருக்கிறார்கள்! நம் மாவட்டம்தான் அதுவும். ஏதோ கடற்கரைச் செய்தி என்று நாம் பக்கத்தைப் புரட்டிவிடுகிறோம்.

அப்படியானால் கடலில் கலந்த தண்ணீரில் எது வீண்? வங்கியில் இருந்தவன், எனக்குக் கணக்குப் பார்க்காமல் இருக்க முடியாது. ஒருவருடைய வரவை நாம் வீண்செலவு என்று எழுதி வைத்திருக்கிறோம். அவர் நம் பேரேட்டிலேயே இல்லை.

இன்னொன்றும் உறுத்துகிறது. 2023 ஆகஸ்டில் கொசஸ்தலையின் குறுக்கே ஆந்திரம் இரண்டு தடுப்பணை கட்டப்போகிறது என்றதும் நம் முதலமைச்சர் கடிதம் எழுதினார். நாமும் கொதித்தோம். கீழே இருப்பவனுக்கு உரிமை இல்லையா என்றோம். சரியான கேள்வி. ஆனால் அதையே எண்ணூர்க்காரர் நம்மைப் பார்த்துக் கேட்டால்?

விவசாயிக்கும் இதில் பங்கு உண்டு. ஆழ்துளைக் கிணறுகள் உறிஞ்ச உறிஞ்ச, மீஞ்சூர்ப் பக்கம் 1960களின் கடைசியிலேயே கடல்நீர் நிலத்தடியில் நுழைந்தது. கிணறு உப்பானால் என்ன பயிர் வைப்பது? நிலத்தடியில் நல்ல தண்ணீர் நிறைந்து நின்றால்தான் கடல் தள்ளி நிற்கும்.

எண்ணூரின் துன்பம் எல்லாம் நம்மால் வந்தது என்று சொல்லவில்லை. அனல்மின் நிலையச் சாம்பல் கழிமுகத்தில் படிந்து ஆழமே போய்விட்டது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து வந்த எண்ணெய் படகு, வலை எல்லாவற்றிலும் அப்பியது. பூண்டி அணை 1944இலேயே கட்டியாயிற்று, சென்னைக்குக் குடிதண்ணீர் வேண்டும், அதை யாரும் மறுக்க முடியாது. நானும் யோக்கியன் இல்லை. பஞ்ச வருடத்தில் என் ஏரித் தண்ணீரை மீனுக்காகத் திறந்துவிடச் சொன்னால் சண்டைக்குத்தான் போவேன்.

ஆனால் ஆற்றை மறிப்பது வேறு, வயலில் மழையை இறக்குவது வேறு. வரப்பை உயர்த்துவது, மூடாக்குப் போடுவது, ஏரிகளைத் தூர்வாருவது, இதெல்லாம் நமக்குத் தெரிந்த வேலை. மண்ணில் இறங்கின தண்ணீரில் ஒரு பங்கு மெதுவாக ஊறி ஆற்றுக்கே திரும்பும். யூரியாவும் பூச்சிமருந்தும் இல்லாமல் திரும்பினால் அந்தச் சேற்றில் கைவிட்டுத் தடவுகிறவர்களுக்கும் நல்லது. தடுப்பணை கட்டித்தான் ஆக வேண்டும் என்ற இடத்தில், மணல் போக ஒரு போக்கி வைக்கவும், வெள்ளக் காலத்தில் எவ்வளவு கீழே விடுவது என்று முன்கூட்டியே எழுதி வைக்கவும் கேட்போம்.

தீர்மானத்தில் 'வீணாக' என்ற சொல்லை எடுக்கச் சொல்லி எழுதிக் கொடுத்துவிட்டேன். அடுத்த கூட்டத்துக்கு எண்ணூரிலிருந்து இரண்டு பேரைக் கூப்பிட்டிருக்கிறேன். வருகிறோம் என்றார்கள். வற்றம் எப்போது என்று பார்த்து நேரம் வைக்கச் சொன்னார்கள்.