விஞ்ஞானக் காட்சிசாலை யாருக்காக?

திருப்பாதிரிப்புலியூரில் மூட்டை தூக்கிப் பிழைக்கும் ஒரு தொழிலாளி, தன் பிள்ளைகளுக்கு விஞ்ஞானக் காட்சிசாலை ஒன்றைக் காட்ட வேண்டுமானால் என்ன ஆகும்? கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

சென்னை கோட்டூர்புரத்தில் பெரியார் அறிவியல் தொழில்நுட்ப மையம் இருக்கிறது. அங்கே 1988-ல் பிர்லா கோளரங்கமும் வந்தது. ஆனால் சென்னை இங்கிருந்து ஏறக்குறைய 180 கிலோமீட்டர். திருச்சியில் அண்ணா பெயரிலும், திருநெல்வேலியில் 1987 முதல் மத்திய சர்க்கார் சார்பிலும் மையங்கள் உண்டு, அவையும் தொலைதூரமே. பக்கத்தில் இருப்பது புதுச்சேரி லாசுப்பேட்டையில் அப்துல் கலாம் பெயரில் உள்ள மையமும் கோளரங்கமும்தான். தூரம் குறைவு என்று திருப்திப்பட்டுக் கொள்ளலாமா? நாலு பேருக்குப் போக வர பஸ் கட்டணம், நுழைவு டிக்கட், மத்தியானச் சாப்பாடு, இவற்றோடு அன்றைய கூலியும் போய்விடும். தினக்கூலிக்காரனுக்குக் கோளரங்கம் நட்சத்திரத்தைவிட எட்டத்தில் இருக்கிறது!

பள்ளிக்கூடம் அழைத்துப் போகாதா என்று கேட்கலாம். போகிறது. பணம் கட்டிய பிள்ளை போகும். கட்ட முடியாத பிள்ளை அன்றைக்கு வீட்டில் இருக்கும். மறுநாள் வகுப்பில் மற்றவர்கள் சொல்லும் கதையைக் கேட்டுக்கொண்டிருக்கும்.

"வேலைக்கும் கூலிக்கும் போராட வேண்டிய நேரத்தில் காட்சிசாலை எதற்கு? பசித்த வயிற்றுக்குப் பார்வைப் பொருளா?" என்று நம்மிடையிலேயே சிலர் கேட்கிறார்கள். இந்தக் கேள்விக்கு நாம் நேராகவே பதில் சொல்ல வேண்டும்.

2004 டிசம்பர் 26-ஆம் தேதி காலை ஆழிப்பேரலை வந்தது. தேவனாம்பட்டினம், சோனாங்குப்பம் முதலிய மீனவர் குப்பங்கள் பாழாயின. கடலூர் ஜில்லாவில் மட்டும் 600-க்கு மேற்பட்டோர் மாண்டனர். அதே நாளில் தாய்லாந்தின் புக்கெட் தீவில், கடற்கரையிலிருந்த பத்து வயது ஆங்கிலச் சிறுமி ஒருத்தி கடல் நுரைத்துப் பொங்கும் விதத்தைக் கண்டாள். இரண்டு வாரத்துக்கு முன் வகுப்பில் படித்தது அவளுக்கு நினைவு வந்தது. கூக்குரலிட்டுப் பெற்றோரை எச்சரித்தாள்; கரையிலிருந்தவர்கள் மேட்டுக்கு ஓடித் தப்பினார்கள். ஆழிப்பேரலை ஒரே அலையாக வருவதில்லை, முதல் அலை ஓய்ந்ததும் கரைக்குத் திரும்பக்கூடாது என்ற சாதாரண விஷயம் ஒவ்வொரு குப்பத்துப் பிள்ளைக்கும் தெரிந்திருக்க வேண்டும். விஞ்ஞான அறிவு அலங்காரப் பொருளல்ல என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா?

இன்னொன்றைப் பாருங்கள். பண்டித நேரு 1957-ல் துவக்கி வைத்த நெய்வேலிச் சுரங்கம் நம் ஜில்லாவின் பெருமை. பழுப்பு நிலக்கரிக்கு அடியில் பெரும் அழுத்தத்தோடு தண்ணீர் நிற்கிறது. அதை இரவு பகலாக இறைத்து அழுத்தத்தைக் குறைத்தால்தான் கரியை வெட்ட முடியும். இறைத்தால் சுற்று வட்டாரத்துக் கிணறுகளுக்கு என்ன ஆகும் என்று விவசாயி கேட்கிறான். சிப்காட் தொழிற்பேட்டையை ஒட்டிய கிராமத்துத் தாய்மார்கள், காற்றில் வரும் நாற்றம் எந்த ரசாயனத்தினுடையது, பிள்ளைகளுக்கு அதனால் என்ன கெடுதல் என்று கேட்கிறார்கள். பதில் வருகிறது, ஆனால் நிபுணர்களின் பாஷையில், படிக்க முடியாத அறிக்கைகளாக வருகிறது. தெரிந்தவன் பேசுவான், தெரியாதவன் கேட்டுக்கொள்ள வேண்டும் என்ற நிலை இருக்கும்வரை நியாயம் கிடைப்பது கடினம். கூலிப் போராட்டத்துக்குக் கணக்குத் தெரிய வேண்டும். தண்ணீர்ப் போராட்டத்துக்குப் பூமியின் அடுக்குகள் தெரிய வேண்டும்.

இந்த ஊருக்கும் விஞ்ஞானத்துக்கும் என்ன சம்பந்தம் என்று யாரும் கேட்க வேண்டாம். கி.பி. 458-ல் சர்வநந்தி என்ற சமண முனிவர் 'லோகவிபாகம்' என்ற நூலை இயற்றினார். பூஜ்யத்தோடு கூடிய இடமதிப்பு எண்முறையைக் காட்டும் மிகப் பழைய நூல்களில் அது ஒன்று. அது எழுதப்பட்ட பாடலிகா என்ற ஊர் நம் திருப்பாதிரிப்புலியூரே என்று ஆராய்ச்சியாளர்கள் கருதுகிறார்கள். பூமி நூலில் 'கடலூர் மணற்கல்' என்றே ஒரு பாறை அடுக்குக்குப் பெயர். திருவக்கரையில் கல்லாகிக் கிடக்கும் சுமார் இரண்டு கோடி ஆண்டுப் பழமையான மரங்கள் அந்த அடுக்கைச் சேர்ந்தவையே. பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. பிச்சாவரத்தில் அலையாத்திக் காடு இருக்கிறது. பொருள்களுக்குப் பஞ்சமில்லை. அவற்றை ஒரு கூரையின் கீழ் வைத்து, தமிழில் விளக்கிச் சொல்லும் ஏற்பாடுதான் இல்லை.

வெளிநாட்டு அனுபவத்தையும் கவனிக்க வேண்டும். ஜெர்மனியில் மூனிக் நகரத்தில் 1925-ல் திறந்த காட்சிசாலைக்குள் ஒரு சுரங்கத்தையே அமைத்துக் காட்டினார்கள். பூமிக்கடியில் தொழிலாளி படும் பாட்டை ஜனங்கள் நடந்து பார்த்தார்கள். அமெரிக்காவில் பிராங்க் ஓப்பன்ஹைமர் என்ற பௌதிக விஞ்ஞானி, கம்யூனிஸ்ட் கட்சியில் இருந்தவர் என்பதற்காக 1949-ல் விசாரணைக்கு இழுக்கப்பட்டுப் பல்கலைக்கழக வேலையை இழந்தார். மாடு வளர்த்துப் பிழைத்தார். பிறகு சிற்றூர்ப் பள்ளியில் பாடம் சொன்னார். அவரே 1969-ல் சான்பிரான்சிஸ்கோவில், யாரும் பொருள்களைத் தொட்டு, திருப்பி, இயக்கிப் பார்க்கக்கூடிய காட்சிசாலையை நிறுவினார். 'தொடாதே' என்ற பலகைக்கு அங்கே இடமில்லை.

பிரிட்டனில் 2001-ல் தேசியக் காட்சிசாலைகளின் நுழைவுக் கட்டணத்தை ஒழித்தார்கள். கூட்டம் பெருகியது. ஆயினும் வந்தவர்களில் வசதியுள்ளவர்களே அதிகம். கதவைத் திறந்தால் மட்டும் போதாது, ஏழை வாழும் தெருவுக்கும் போக வேண்டும் என்பதே இதிலுள்ள பாடம். அதே லண்டன் விஞ்ஞானக் காட்சிசாலையில் 2021-ல் பருவநிலைக் கண்காட்சிக்கு ஷெல் எண்ணெய்க் கம்பெனி பணம் கொடுத்தது. 2024-ல் எரிசக்திக் கூடம் அதானி கம்பெனியின் பெயரிலேயே திறந்தது. இரண்டுக்கும் எதிர்ப்புக் கிளம்பியது. பணம் கொடுப்பவன் பாடத்தையும் திருத்துவான். நம் ஊரில் காட்சிசாலை வந்தால் அது கம்பெனிகளின் விளம்பரக் கொட்டகையாகிவிடக் கூடாது.

நம் நாட்டிலேயே முன்மாதிரி உண்டு. கல்கத்தாவின் பிர்லா தொழில்நுட்பக் காட்சிசாலை 1965-லேயே பஸ்ஸில் கண்காட்சியை ஏற்றிக் கிராமங்களுக்குக் கொண்டுபோனது. தோழர் சிங்காரவேலர் விஞ்ஞானத்தை எளிய தமிழில் எழுதி உழைப்பாளர்களிடம் சேர்த்தார். 1980-ல் தோன்றிய தமிழ்நாடு அறிவியல் இயக்கம் வீதியிலும் பள்ளியிலும் அந்தப் பணியைச் செய்துவருகிறது. விஞ்ஞான மனப்பான்மையை வளர்ப்பது குடிமக்களின் கடமை என்று 1976 முதல் அரசியல் சட்டமே சொல்கிறது. குடிமகனுக்குக் கடமை என்றால், அதற்கு வழி செய்து தருவது சர்க்காரின் கடமை அல்லவா?

ஆகவே ஜில்லா நிர்வாகத்திடமும் கடலூர் மாநகராட்சியிடமும் நாம் கேட்பது இவைதான்:

பஸ்ஸும் ரயிலும் எளிதில் வந்து சேரும் இடத்தில் பொதுப்பணத்தில் ஒரு விஞ்ஞானக் காட்சிசாலை வேண்டும். உழைப்பாளி குடும்பங்களுக்கும் அரசுப் பள்ளி மாணவர்களுக்கும் கட்டணம் கூடாது. வேலை முடிந்த மாலை நேரத்திலும் ஞாயிற்றுக்கிழமையிலும் திறந்திருக்க வேண்டும். விளக்கமெல்லாம் எளிய தமிழில் வேண்டும். சக்கர நாற்காலி ஏறச் சரிவுப் பாதையும், பார்வையற்றவர் தொட்டு அறியும் மாதிரிகளும் வேண்டும். அது எழும்பும்வரை காத்திராமல், ஒரு கண்காட்சி பஸ் குப்பங்களுக்கும் சேரிகளுக்கும் முந்திரிக்காட்டு ஊர்களுக்கும் உடனே புறப்பட வேண்டும்.

சுரங்கத்தை வெட்டுகிறவனும், வலை வீசுகிறவனும், ரசாயனக் கொதிகலன் அருகே நிற்கிறவனும் நம் மக்களே. தங்கள் கையால் இயங்கும் உலகம் எப்படி இயங்குகிறது என்று அறிவது அவர்கள் பிள்ளைகளின் உரிமை. மாதர் சங்கமும் வாலிபர் சங்கமும் ஆசிரியர் சங்கங்களும் இக்கோரிக்கையைக் கையிலெடுக்க வேண்டும். தெருத்தெருவாகக் கையெழுத்து வாங்கிக் கலெக்டரிடம் கொண்டுபோக வேண்டும்.