கோடு யார் போட்டதுன்னு கைக்கு எதுக்குத் தெரியணும்?

பொட்டி தட்டிப் பிழைக்கிற மக்களுக்கான பதிவு இது. மத்தவங்க ஒரு டீ குடிச்சிட்டு அடுத்த பதிவுக்கு வாங்க :-)

விஷயம் இதுதான். டெர்மினல்ல டிமக்ஸ் ஓடுது. அதை மூணு கட்டமாப் பிரிச்சாச்சு. ஒண்ணுல விம், அதுக்குள்ளயும் ரெண்டு ஜன்னல். ஒண்ணுல லோக்கல் ஷெல். இன்னொண்ணுல சர்வர். பார்க்க எல்லாமே கோடு போட்ட கட்டம்தான். ஆனா விம் ஜன்னலுக்குத் தாவ கண்ட்ரோல் டபிள்யூ, அப்புறம் ஹெச், ஜே, கே, எல்-ல ஒண்ணு. டிமக்ஸ் கட்டத்துக்குத் தாவ கண்ட்ரோல் பி, அப்புறம் அம்புக்குறி. வலது பக்கம் போகணும்னு கண்ணு சொல்லுது. "இந்தக் கோடு விம் போட்டதா, டிமக்ஸ் போட்டதா?"ன்னு மூளை நிக்குது.

இந்த யோசனையே வேஸ்ட்டுங்கிறதுதான் என் கட்சி. ஒரு திசைக்கு ஒரு சாவி போதும்.

இது யார் குத்தமும் இல்லை. 1976-ல பில் ஜாய் 'விஐ' எழுதினப்போ அவர் கையில இருந்தது ஏடிஎம்-3ஏ டெர்மினல். அதுல ஹெச், ஜே, கே, எல் மேலேயே அம்புக்குறி அச்சடிச்சிருந்துச்சு. டிமக்ஸ் 2007-ல வந்தது. ஆரம்பத்துல அதை ஸ்க்ரீனுக்குள்ள வச்சே எழுதினதால, ஸ்க்ரீனோட கண்ட்ரோல் ஏ கூட மோதாம இருக்க கண்ட்ரோல் பி-ன்னு வச்சாங்க. வேற வேற காலத்துல குடிவந்தவங்க ஒரே வீட்டுல இருக்காங்க. அவ்ளோதான்.

சாவி குழம்பினா நேரம்தானே போகும்னு நினைக்காதீங்க. டிமக்ஸ்ல அம்புக்குறியால கட்டம் மாறினதும் அரை நொடிக்கு அந்த அம்புக்குறி உயிரோடவே இருக்கும். போன கட்டத்துல பழைய கமாண்டை எடுக்க உடனே மேல் அம்புக்குறியைத் தட்டினா, கமாண்ட் வராது. மேல இருக்கிற கட்டத்துக்குத் தாவிடும். அது சர்வர் கட்டமா இருந்து, நீங்க பாட்டுக்கு என்டர் தட்டினா? லோக்கல்ல அழிக்க வேண்டியதை எங்கே அழிப்பீங்கன்னு நான் சொல்லணுமா?

இதுக்கு விம்-டிமக்ஸ்-நேவிகேட்டர்னு ஒரு ப்ளக்இன் இருக்கு. கட்டத்துல ஓடுறது விம்மான்னு டிமக்ஸ் பார்க்கும். ஆமான்னா சாவியை விம்முக்குத் தள்ளிவிடும். விம் ஓரத்துக்கு வந்துட்டா டிமக்ஸைக் கூப்பிட்டு அடுத்த கட்டத்துக்கு அனுப்பும். கோடு யாரோடதுன்னு அவங்களே பேசி முடிச்சுக்குவாங்க.

ஆனா அப்படியே போடாதீங்க. அது எடுத்துக்கிறது கண்ட்ரோல் கூட ஹெச், ஜே, கே, எல். ஷெல்லுல கண்ட்ரோல் எல் திரையைத் துடைக்கும், கண்ட்ரோல் கே வரியோட மிச்சத்தை வெட்டும். ரெண்டும் போயிடும். நான் ஆல்ட்டுக்கு மாத்திக்கிட்டேன். பாஷ்ல ஆல்ட் எல் ஒரு வார்த்தையைச் சின்ன எழுத்தாக்கும். அதை யாருங்க தேடப்போறா? நியோவிம்ல இது சுலபம். பழைய விம்ல ஆல்ட் சாவி எஸ்கேப்போட சேர்ந்து வரும், கொஞ்சம் மெனக்கெடணும்.

"சர்வர்ல உன் கான்ஃபிக் இருக்காதேப்பா, அப்ப என்ன பண்ணுவே?"ன்னு நண்பர்கள் கேக்குறாங்க. நியாயமான கேள்வி. அதனாலதான் கண்ட்ரோல் பி-யையும் கண்ட்ரோல் டபிள்யூவையும் நான் தொடலை. புதுச் சாவி கூடுதலா வந்தது, பழசு பூட்டோடவே இருக்கு. ராத்திரி ரெண்டு மணிக்குத் தெரியாத மெஷின்ல நுழைஞ்சாலும் கை தடுமாறாது. ஊர்ல இருக்கிற கான்ஃபிக்கை எல்லாம் காப்பியடிச்சு எல்லாச் சாவியையும் மாத்தி வச்சிருக்கிறவங்களைத்தான் நான் வேண்டாம்ங்கிறேன்.

டிஸ்கி: தமிழ்99-ஐ ஆன் பண்ணி வச்சிருந்தா ஹெச், ஜே, கே, எல் எல்லாம் க, ப, ம, த ஆயிடும். விம் திருதிருன்னு முழிக்கும். இதுக்கு நல்ல வழி வச்சிருக்கிறவங்க பின்னூட்டத்துல சொல்லிட்டுப் போங்க, புண்ணியமாப் போகும்.